டீச்சரின் நாவலில் எந்த அத்தியாயத்தை வெட்டச் சொல்கிறீர்கள்?

முதலில் என் தவறை ஒப்புக்கொண்டு விடுகிறேன். மற்றவர்களிடம் பிறகு வருகிறேன்.

கடந்த ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் ஒரு டீச்சர் என்னைத் தேடி வந்தார். எங்கள் மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்றில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை பார்ப்பவர். அருந்ததியர். அவர் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் அவர்தான். ஒரு துணிப்பையிலிருந்து ஸ்பைரல் பைண்டிங் போட்ட கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"தம்பி, நீங்க நாவல்லதான ஆராய்ச்சி பண்றீங்க? இதப் படிச்சுப் போட்டு உள்ளது உள்ளபடி சொல்லுங்க. வீட்டுல கூட இன்னும் காட்டலீங்க" என்றார்.

முந்நூறு பக்கத்துக்கும் மேல். இரண்டு இரவில் படித்து முடித்தேன். கிராமத்து மாதாரித் தெருவில் ஒரு பெண். டவுனில் நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு பையன். இரண்டு பேரும் ஒரே சாதி. ஆனாலும் கல்யாணம் நடக்கவில்லை. பெண்ணின் அம்மா மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறாள். கவுண்டர் தோட்டத்தில் கொட்டாங்குச்சியில் தண்ணீர் வாங்கிக் குடித்து வளர்ந்தவள் அவள். அந்தக் குடியிருப்பில் சொம்பில் கொடுத்த தண்ணீரைத் தொடாமல் திண்ணையில் வைத்துவிட்டு எழுந்து வருகிறாள். வரும் வழியில் பஸ்ஸில் புருஷனிடம் சொல்கிறாள், அது பீ அள்ளுகிற வீடு என்று. நாவலின் உயிர் அந்த அத்தியாயத்தில்தான் இருக்கிறது.

நான் டீச்சருக்கு ஃபோன் போட்டேன். "நாவல் ரொம்ப நல்லாருக்குதுங்க டீச்சர். ஆனா அந்த மாப்பிள்ளை வீடு பாக்கப் போற அத்தியாயத்த மட்டும் எடுத்துரலாங்களா?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "ஏனுங்க தம்பி, பொய்யா இருக்குதா?"

"பொய்யில்லீங்க. இப்ப வேண்டாம்னு பாக்கறேன்."

"எப்ப வேணுங்க?"

எனக்குப் பதில் இல்லை. அன்றிலிருந்து யோசித்துப் பார்த்து எழுதுகிற பதில்தான் இது.

*

இந்த "இப்போது வேண்டாம்" நான் கண்டுபிடித்ததல்ல. தமிழில் இதற்கு முப்பது ஆண்டு வரலாறு உண்டு. அதை ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிற நானே அதைத் திருப்பிச் சொன்னேன் என்பதுதான் வெட்கக்கேடு.

1994இல் க்ரியா பதிப்பகம் 'கோவேறு கழுதைகள்' என்ற நாவலை வெளியிட்டது. எழுதியவர் இமையம். இயற்பெயர் வெ. அண்ணாமலை. கடலூர் மாவட்டத்துக்காரர், தலித் குடும்பத்தில் பிறந்தவர், அரசுப் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். நாவல் வந்தபோது அவருக்கு வயது முப்பது. அவருக்கு அதுதான் முதல் நாவல்.

நாவலின் மையம் ஆரோக்கியம் என்ற வண்ணாத்தி. பறையர் காலனிக்குத் துணி வெளுப்பவள். பிரசவம் பார்ப்பவள், சாவு வீட்டில் சடங்கு செய்பவள். அதற்குக் கூலி, அந்தியில் வீடு வீடாகப் போய் வாங்குகிற ராச்சோறும், அறுப்புக் காலத்தில் களத்துமேட்டில் கையேந்தி நிற்கும்போது விழுகிற தானியமும்தான். கிறிஸ்துவச்சி. மகனைச் சாமியாராக்கிவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். மகள் மேரியைக் காலனிக்காரன் ஒருவன் கெடுத்துவிடுகிறான். அதை வெளியே சொல்ல ஆரோக்கியத்தால் முடியாது. யாரிடம் போய்ச் சொல்வாள்? ஊரில் அவளுக்குச் சோறு போடுகிற தெரு அது ஒன்றுதான்.

இதில் வருகிற காலனி மக்களும் தீண்டத்தகாதவர்கள்தான். ஊர்த்தெரு அவர்களை எப்படி நடத்தும் என்று நமக்குத் தெரியும். அந்த மக்கள் தங்களுக்கும் கீழே ஒரு குடியை வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் அந்த ஆசிரியர் எழுதினார். புதிரை வண்ணார் தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளில் ஒன்று. திருநெல்வேலிப் பகுதியில் இவர்கள் பகலில் பிறர் கண்ணில் படக்கூடாது, இரவில்தான் நடமாட வேண்டும் என்று இருந்ததை 1932 டிசம்பரிலேயே இந்து நாளேடு செய்தியாக வெளியிட்டிருக்கிறது. தொட்டால் தீட்டு என்பதைத் தாண்டி, பார்த்தாலே தீட்டு. அப்படிப்பட்ட மக்களை ஒரு முழு நாவலின் நடுவில் உட்கார வைக்க 1994 வரை ஆனது. அதைச் செய்தது ஒரு பள்ளிக்கூட வாத்தியார்.

அவருக்கு என்ன கிடைத்தது? சுந்தர ராமசாமி போன்றவர்கள் வெகுவாகப் பாராட்டினார்கள். தலித் இலக்கியத் தரப்பிலிருந்து சிலர் போட்டுத் தாக்கினார்கள். தலித்துகளை வில்லன்களாகக் காட்டிவிட்டார், ஆதிக்கச் சாதிகளைத் தப்பவிட்டுவிட்டார், உட்பகையை ஊதிப் பெரிதாக்கினார், எதிரியின் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டார் என்றெல்லாம் குற்றச்சாட்டுகள் வந்தன. முதலில் யார் பாராட்டினார்கள் என்று பார்த்து, அதை வைத்தே நாவலுக்குத் தீர்ப்பெழுதியவர்களும் உண்டு. "தலித் எழுத்தாளர்" என்ற அடையாளத்தையே இமையம் ஏற்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. ஆனால் அவர் ஏன் அந்தப் பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டார் என்று கேட்கிற நேர்மை நமக்கு இருக்கிறதா?

இரண்டு வருடத்துக்கு முன், 1992இல், இதே மாதிரி ஒன்று நடந்தது. பாமாவும் ஆசிரியை. கன்னியாஸ்திரி மடத்திலிருந்து வெளியேறி 'கருக்கு' எழுதினார். அது தன்வரலாறு. சபைக்குள் இருந்த சாதியை அதில் எழுதினார், அதை நாம் கொண்டாடினோம். சொந்த ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? எங்கள் மானத்தை வாங்கிவிட்டாய் என்று கோபித்துக்கொண்டார்கள். சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. பிறகு அடுத்த தலைமுறை படித்தது, அவர்களுக்கு எடுத்துச் சொன்னது, அதே ஊர் அதே புத்தகத்தைத் தன்னுடையது என்றது. படிப்பறிவு மறுக்கப்பட்ட அந்த ஊர் சில மாதங்களில் கடந்த தூரத்தை, படித்த நாம் முப்பது ஆண்டாகியும் கடக்கவில்லை.

இது தமிழ்நாட்டு வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவில் ஆலிஸ் வாக்கர் 1982இல் 'தி கலர் பர்ப்பிள்' எழுதியபோது, கறுப்பின ஆண்கள் தங்கள் பெண்களை அடிப்பதை எழுதி வெள்ளையனுக்கு வாய்ப்புக் கொடுத்துவிட்டாள் என்று கறுப்பினத்துக்குள்ளிருந்தே கண்டனம் வந்தது. ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து எழுத வருகிறவர்கள், அதிலும் பெண்கள், எல்லா இடத்திலும் இந்த ஒரே சுங்கச்சாவடியில் நிறுத்தப்படுகிறார்கள். வெளியே இருக்கும் கொடுமையை எழுது, கைதட்டுகிறோம். வீட்டுக்குள் நடப்பதை எழுதினால் நீ துரோகி.

*

நான் கேட்க விரும்புவது எளிமையான ஒரு கேள்வி. சாதி என்றால் என்ன என்று நாம் யாரிடம் படித்தோம்?

அம்பேத்கரிடம்தானே? 1936இல் அவர் வெளியிட்ட சாதி ஒழிப்பு உரையை உடனடியாகத் தமிழில் கொண்டுவந்தது எந்த ஊர்? எங்கள் ஈரோடு. பெரியாரின் 'குடி அரசு'. அந்த உரையில் அம்பேத்கர் என்ன சொல்கிறார்? சாதி என்பது மேலே ஒருவன், கீழே ஒருவன் என்று இரண்டே தட்டு கொண்டதல்ல. அது படிக்கட்டு. ஒவ்வொரு படியில் நிற்பவனுக்கும் மிதிக்க ஒரு படி கீழே இருக்கிறது. அதனால்தான் மிதிபடுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து மேலே இருப்பவனை எதிர்க்க முடிவதில்லை. படிநிலைச் சமத்துவமின்மை என்று மேடைக்கு மேடை நாம் முழங்குவது இதைத்தான்.

மேடையில் முழங்கும்போது அது தத்துவம். அதையே ஒரு வாத்தியார் ஆரோக்கியம் என்று பெயர் வைத்து, கையில் ஒரு சோத்துக்குண்டானைக் கொடுத்து, நம் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால் துரோகம். இது என்ன நியாயம் தோழர்களே? படிக்கட்டு உண்டு என்று ஒப்புக்கொள்கிறீர்கள். அந்தப் படிக்கட்டில் நமக்குக் கீழே உள்ள படியை மட்டும் எழுதக்கூடாது என்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் சாதியை எதிர்க்கவில்லை. உங்களுக்கு மேலே இருக்கிற சாதியைத்தான் எதிர்க்கிறீர்கள். அந்த வேலையை இந்த நாட்டில் எல்லாச் சாதிச் சங்கமும் செய்கிறது.

*

இந்த வாதம் இலக்கியத்தோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு கோபப்பட மாட்டேன். இது சோற்றிலும் கை வைத்தது.

2009இல் தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு உள் ஒதுக்கீடு சட்டமானது. பட்டியல் சாதிகளுக்கான 18 விழுக்காட்டில் 3 விழுக்காடு. நீதிபதி எம்.எஸ். ஜனார்த்தனம் குழு ஆராய்ந்து பரிந்துரைத்தது. அருந்ததியர், சக்கிலியர், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரர் ஆகிய ஏழு பெயர்கள் அதில் அடக்கம். அன்றைக்கு எழுந்த எதிர்ப்புக் குரல்களை நினைவுபடுத்திப் பாருங்கள். பட்டியல் சமூகத்துக்குள்ளிருந்தே வந்தன. தலித் ஒற்றுமையை உடைக்கிறார்கள். எதிரிக்குத்தான் லாபம். இப்போது வேண்டாம். 1994இல் ஒரு நாவலுக்குச் சொன்ன அதே மூன்று வாக்கியங்கள். வழக்குகள் போயின. பதினைந்து வருடம் கழித்து 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், பட்டியல் சாதிகளுக்குள் உள் ஒதுக்கீடு செல்லும் என்றது. 2004இல் சின்னையா வழக்கில் தான் சொன்னதையே மாற்றியது. அந்தத் தீர்ப்பில் சில நீதிபதிகள் பட்டியல் சாதிகளுக்கும் கிரீமிலேயர் வேண்டும் என்று சொன்னதை நான் ஏற்கவில்லை. அது வேறு சண்டை. ஆனால் அடிப்படை உண்மை ஒன்றை அந்தத் தீர்ப்பு ஒப்புக்கொண்டது: பட்டியலுக்குள் எல்லோரும் ஒரே உயரத்தில் நிற்கவில்லை.

நீதிமன்றம் 2024இல் ஒப்புக்கொண்டதை நாவல் 1994இல் சொல்லிவிட்டது. நடுவில் போன முப்பது ஆண்டுகளை யார் திருப்பித் தருவது?

நான் அந்த 3 விழுக்காட்டால் படிப்புக்குள் வந்தவன். ஒற்றுமைக்காகப் பொறுத்துக்கொள் என்று சொன்னவர்களின் பேச்சைக் கேட்டிருந்தால் இன்று இந்தக் கட்டுரையை எழுதும் இடத்தில் இருக்க மாட்டேன். அப்படிப்பட்ட நான்தான் டீச்சரிடம் ஒற்றுமைக்காக ஓர் அத்தியாயத்தை வெட்டச் சொன்னேன். உள் ஒதுக்கீடு எங்களுக்கு வேண்டும், உள் விமர்சனம் மட்டும் எங்களுக்கு வேண்டாமா?

*

டீச்சர் போன்றவர்கள் ஏன் எழுத வருகிறார்கள் என்பதையும் பேச வேண்டும். ஒரு கிராமத்தில் சாதி எப்படி ஓடுகிறது என்று ஒட்டுமொத்தமாகப் பார்க்கிற இடம் பள்ளிக்கூடம்தான். சேர்க்கைப் பதிவேட்டில் சாதிப் பெயரை எழுதுவது டீச்சர். ஒவ்வொரு வருடமும் சாதிச் சான்றிதழ் கேட்டு அப்பன் ஆத்தாளைத் தாலுகா ஆபீஸுக்கு அனுப்புவது டீச்சர். மத்தியானச் சோற்று வரிசையில் யார் யார் பக்கத்தில் உட்காருகிறான், யார் தட்டை வீட்டிலிருந்து கொண்டு வருகிறான் என்று பார்ப்பது டீச்சர். எட்டாம் வகுப்பில் முதலாவதாக வந்த பெண் ஒன்பதாம் வகுப்பில் காணாமல் போய் மில்லில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்படுவதும் டீச்சர்.

2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் பாப்பாள் என்ற அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் பள்ளியையே முடக்கினார்கள். செய்தி வந்தது, வழக்கு வந்தது, நாம் போராடினோம். சரி. ஆனால் அந்த மாதிரி ஒரு காலைப்பொழுதில் வகுப்பறைக்குள் பிள்ளைகள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று செய்தித்தாளில் வராது. எஃப்.ஐ.ஆரில் வராது. என்னைப் போன்றவர்கள் எழுதுகிற ஆய்வேட்டிலும் வராது. அது நாவலில்தான் வரும். அதை எழுதத் தெரிந்தவர் அந்த வகுப்பறையில் நின்றவர்தான்.

பேர்ணாம்பட்டுப் பக்கமிருந்து 'தகப்பன் கொடி' எழுதிய அழகிய பெரியவன் ஆசிரியர். கவிதையில் சுகிர்தராணி ஆசிரியர். இமையம் ஆசிரியர், பாமா ஆசிரியர். இது தற்செயல் என்று நினைக்கிறீர்களா? ஒடுக்கப்பட்ட சமூகத்தில் முதல் தலைமுறையாகப் படித்து வந்தவர்களுக்குக் கிடைத்த முதல் மாதச் சம்பளம் பெரும்பாலும் வாத்தியார் சம்பளம்தான். அந்தச் சம்பளம் வந்த பிறகுதான் இரவில் விளக்குப் போட்டு உட்கார ஒரு மேசை வந்தது. நிலம் உள்ளவனுக்கு நாவல் எழுத இன்னொருவன் தரும் சம்பளம் தேவையில்லை.

கொங்கு நாட்டைப் பாருங்கள். 1942இல் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்'. வட்டார நாவலுக்கு முன்னோடி என்று எல்லா வரலாற்றிலும் இருக்கிறது. அது காணி உள்ள குடும்பத்துக்குள் நிலத்துக்கு நடக்கிற சண்டை. எங்கள் ஆட்கள் தோட்டத்தில் கவலைச் சாலுக்குத் தோல் தைத்துக் கொடுத்தார்கள், பண்ணையம் பார்த்தார்கள், ஆடு மேய்த்தார்கள். 2000இல் பெருமாள்முருகன் 'கூளமாதாரி' எழுதினார். ஆடு மேய்க்கிற மாதாரிப் பிள்ளைகளை மனிதர்களாக எழுதினார். அதற்கு நன்றி உண்டு. ஆனால் அதுவும் தோட்டத்துக்காரர் வீட்டில் பிறந்தவர் எழுதியது. 2023இல் ஈரோட்டுக்காரரான தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' சாகித்திய அகாதமி விருது வாங்கியது, கொங்கின் குடிநாவிதர் வாழ்க்கையைச் சொல்லி. படி படியாகக் கீழே வருகிறது பார்வை. அடுத்த படி எங்களுடையது. அந்தப் படியில் நின்று டீச்சர் எழுதியிருக்கிறார். அவர் பார்த்தது மேலே மட்டுமல்ல. பக்கத்திலும் பார்த்தார். பார்த்ததை எழுதினார்.

*

எதிர்வாதத்தை நான் மறைக்கப் போவதில்லை. அதில் உண்மை இருக்கிறது.

ஆதிக்கச் சாதிக்காரன் இந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வருவான். "பார்த்தாயா, நீங்களும் இதைத்தானே செய்கிறீர்கள், எங்களை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?" என்பான். 'கோவேறு கழுதைகள்' வந்தபோதும் அப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள். தேநீர்க்கடையில், பேராசிரியர் அறையில், நானே கேட்டிருக்கிறேன். என் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு கருத்தரங்கில் மூத்தவர் ஒருவர் அந்த நாவலைப் பற்றி மட்டும் முக்கால் மணி நேரம் ஆர்வமாகப் பேசினார். அதே மாவட்டத்தில் ஊர்த்தெரு காலனியை எப்படி நடத்துகிறது என்று ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. அவருடைய ஆர்வத்தின் பெயர் இலக்கியம் அல்ல.

இதற்கு என்ன செய்வது? நாவலை எரிப்பதா, அந்த ஆளுக்குப் பதில் சொல்வதா?

பதில் கஷ்டமானதும் இல்லை. ஆரோக்கியத்தைக் காலனி சுரண்டுகிறது என்றால், அந்தக் காலனி எங்கிருந்து அந்தப் பாடத்தைக் கற்றது? ராச்சோறு போடுகிறவன் வீட்டில் எவ்வளவு சோறு இருந்தது? களத்துமேடு யாருடையது? காணி யார் பெயரில் இருக்கிறது? ஆரோக்கியம் நிற்கிற படியும், அவளுக்குச் சோறு போடுகிறவன் நிற்கிற படியும் ஒரே படிக்கட்டில்தான் இருக்கின்றன. அதைக் கட்டியவன் உச்சியில் உட்கார்ந்திருக்கிறான். இதை அந்த நாவலை வைத்துக்கொண்டே சொல்ல முடியும். சொல்ல வேண்டியது விமர்சகனின் வேலை, இயக்கத்தின் வேலை. நம் வேலையை நாம் செய்யாமல், எழுதியவரைப் போய் ஏன் எழுதினாய் என்று கேட்பது சோம்பேறித்தனம்.

இன்னொன்று. ஆதிக்கச் சாதிக்காரன் நம் நாவலைப் படித்துத்தான் நம் பிரிவினையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. அவன் அதை வைத்துத்தான் பல தலைமுறையாகப் பிழைக்கிறான். எந்தத் தெருவை எந்தத் தெருவோடு மோதவிட வேண்டும் என்று பஞ்சாயத்துத் தேர்தலில் அவனுக்குத் தெரியும். தெரியாமல் இருப்பது நம் பிள்ளைகளுக்குத்தான்.

*

கொங்கில் எழுதினால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அமைதிப் பேச்சுவார்த்தை என்ற பெயரில் பெருமாள்முருகனை உட்கார வைத்து மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். அவர் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்தார். அடுத்த மாதமே கரூர் மாவட்டத்தில் புலியூர் முருகேசனைச் சிறுகதைக்காக அடித்தார்கள். அதே ஆண்டு ஜூனில் திருச்செங்கோட்டுக் கோயிலிலிருந்து கோகுல்ராஜைக் கடத்திக்கொண்டு போய்க் கொன்றார்கள். எந்தக் கோயிலை இழிவுபடுத்திவிட்டார் என்று ஒரு நாவலாசிரியர் மேல் பாய்ந்தார்களோ, அதே கோயிலில்தான் அந்தப் பையன் கடைசியாகக் காணப்பட்டான். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்றது. கோகுல்ராஜ் வழக்கில் 2022இல் ஆயுள் தண்டனை வந்தது.

பெருமாள்முருகனுக்காக நாம் ஈரோட்டிலும் கோவையிலும் கூடி நின்றோம். எழுத்துச் சுதந்திரம் என்று தொண்டை கிழியக் கத்தினோம். நானும் கத்தினேன். ஆதிக்கச் சாதி ஓர் எழுத்தாளனின் வாயைக் கட்டும்போது நாம் கூடுவோம். நம் தெருவே கட்டினால்? தோழரே கட்டினால்? ஃபோனில் மெதுவாக, மரியாதையாக, "டீச்சர், அந்த ஒரு அத்தியாயத்த மட்டும்" என்று ஓர் ஆராய்ச்சி மாணவன் கட்டினால்? அதற்குக் கூட்டம் கூடாது, நீதிமன்றம் வராது. கட்டு பீரோவுக்குள் போய்விடும், அவ்வளவுதான். அப்படி எத்தனை கட்டுகள் எத்தனை வாத்தியார்கள் வீட்டுப் பீரோவில் கிடக்கின்றனவோ!

அந்த அத்தியாயம் என்னை ஏன் சுட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. நல்ல பையன், டிப்ளமோ படித்தவன். அவன் அப்பா ஒரு நகராட்சியில் துப்புரவுப் பணி. என் அம்மா பார்த்துவிட்டு வந்து வேண்டாம் என்றாள். காரணத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஜாதகம் என்றாள். எங்கள் வீட்டில் அதற்கு முன் யாருக்கும் ஜாதகம் பார்த்ததில்லை. அப்போது நான் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன், சாதி ஒழிப்பு வாசகர் வட்டம் ஒன்றில் இருந்தேன். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மலம் அள்ளும் கொடுமைக்கு எதிராக 1993இலும் 2013இலும் நாடாளுமன்றம் சட்டம் போட்டதைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன்.

டீச்சருக்கு என் அக்காவைத் தெரியாது. ஆனால் எழுதிவிட்டார். ஒரு நாவல் வேலை செய்கிறது என்றால் இதுதான் அர்த்தம். நான் கேட்காமல் விட்ட கேள்வியை அவர் என்னிடம் கேட்டுவிட்டார்.

*

ஆகவே தோழர்களே, என்ன செய்யலாம்?

'கோவேறு கழுதைகள்' நாவலை நம் வாசகர் வட்டங்களில் மறுபடி எடுத்துப் படிப்போம். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருதை இமையம் 'செல்லாத பணம்' நாவலுக்கு வாங்கியபோது வாழ்த்துச் சொன்னவர்களில் எத்தனை பேர் அவருடைய முதல் நாவலைப் படித்திருக்கிறோம்? படித்துவிட்டுத் திட்டுங்கள், எனக்கும் அதில் மாறுபாடுகள் உண்டு. படிக்காமல் துரோகப் பட்டம் கொடுக்காதீர்கள்.

நம் பதிப்பகங்களிடம் ஒரு கோரிக்கை. புதிதாக எழுத வருகிற ஆசிரியர்களின் கையெழுத்துப் படிகளைக் கேட்டு வாங்குங்கள். மொழியைத் திருத்துங்கள், அமைப்பைத் திருத்துங்கள், நீளத்தைக் குறையுங்கள். உண்மையைத் திருத்தாதீர்கள்.

என்னைப் போன்ற ஆய்வாளர்களுக்கு: நமக்கு மேலே இருப்பவர்களின் சாதியை ஆராய்வது எளிது. கைத்தட்டலும் கிடைக்கும். நம் வீட்டுத் திண்ணையில் குடிக்கப்படாமல் வைக்கப்பட்ட சொம்பையும் ஆராய்ச்சியில் சேருங்கள். புதிரை வண்ணாருக்கென்று 2009இல் ஒரு நல வாரியம் அமைக்கப்பட்டது. அந்த மக்களைப் பற்றி நம் துறைகளில் எத்தனை ஆய்வுகள் வந்திருக்கின்றன என்று உங்கள் நூலகத்திலேயே போய்த் தேடிப் பாருங்கள்.

டீச்சருக்கு நேற்று மறுபடி ஃபோன் செய்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"அட, அதுக்கென்னுங்க தம்பி. நீங்க சொன்னப்புறம் நானும் அத எடுத்துப் போட்டுப் படிச்சுப் பாத்தேன். நாவலே நிக்கலீங்க" என்றார். பிறகு, "மறுபடி சேத்து வெச்சுட்டனுங்க" என்றார்.

சேர்த்து வைத்ததை அப்படியே அச்சிடப் பதிப்பகம் தேடுகிறோம். டீச்சரிடம் எந்த அத்தியாயத்தையாவது வெட்டச் சொல்வதாக இருந்தால், முதலில் உங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காத வீடு எது என்று எழுதி அனுப்பிவிட்டுச் சொல்லுங்கள்.